லயத்துக்கு மேல் ஒரு மழைமானி: மண்சரிவு எச்சரிக்கைக்குக் கணினியையும் செயற்கை நுண்ணறிவையும் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழை கொட்டியபோது பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மறுபடியும் பல இடங்களில் மலை சரிந்தது. இந்தப் பதினொரு வருடத்தில் செயற்கை நுண்ணறிவு எங்கோ போய்விட்டது. ஆனால் தங்கள் லயத்துக்கு மேலே நேற்று ராத்திரி எத்தனை மில்லிமீற்றர் மழை பெய்தது என்பது பெரும்பாலான லயங்களில் யாருக்கும் தெரியாது.

தோட்டத்தின் ஒரு டிவிசன் அளவில் அதைத் தெரிந்துகொள்வதற்கான வழிகாட்டி இது. கையால் அளக்கும் குழாய் ஒன்று, தானாக எண்ணும் மானி இரண்டு, ஒரு சிறு நிரல், செயற்கை நுண்ணறிவுக்கு இரண்டே இரண்டு வேலை. இலத்திரனியல் கொஞ்சம் தெரிந்த ஒருவரும் பைதன் மொழியில் நிரல் எழுதத் தெரிந்த ஒருவரும் போதும். அவர்களைவிட முக்கியம், தினமும் மானியைப் பார்க்க அந்த லயத்திலேயே இருக்கும் இரண்டு பேர்.

ஆரம்பத்திலேயே ஒரு விதியைப் பேசி முடிவுசெய்துவிட வேண்டும். கருவியும் நிரலும் எச்சரிக்கையைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது. அரசாங்கம் சிவப்பு (வெளியேறுங்கள்) என்றால் உங்கள் மானி 20 மி.மீ. காட்டினாலும் சிவப்புத்தான். அரசாங்கத்திடமிருந்து ஒன்றும் வராத நேரத்தில் உங்கள் மானி 110 காட்டினால் நீங்கள் அசையலாம். "இப்போ பயமில்லை, திரும்பி வாங்க" என்று சொல்லும் அதிகாரம் எந்த நிரலுக்கும் கிடையாது. கீழே வரும் தொழில்நுட்பத் தெரிவுகளில் பாதிக்கு மேல் இந்த விதியிலிருந்தே வருகின்றன.

முதலில் போக வேண்டிய இடங்கள்

மண்சரிவு எச்சரிக்கை விடும் பொறுப்பு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உரியது. அதை மக்களிடம் கொண்டுபோவது அனர்த்த முகாமைத்துவ நிலையம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் என்ற வரிசை. இந்த வரிசையை விட்டு ஒதுங்கித் தனியாக ஒரு எச்சரிக்கைச் சேவை நடத்தக் கூடாது. மாவட்ட அலுவலகத்துக்குப் போய் மூன்று விஷயம் கேளுங்கள். உங்கள் டிவிசன் மண்சரிவு அபாய வரைபடத்தில் எந்த வலயத்தில் இருக்கிறது? 1:10,000 அளவில் வரைபடம் இருந்தால் அதையே கேளுங்கள்; 1:50,000 வரைபடத்தில் ஒரு லயம் புள்ளிக்குள் மறைந்துவிடும். பக்கத்தில் அவர்களுடைய தானியங்கி மழைமானி எங்கே இருக்கிறது? மழை கூடினால் ஆட்கள் போய் ஒதுங்க நினைத்திருக்கும் பாடசாலையோ கோயிலோ பாதுகாப்பான இடத்தில்தான் இருக்கிறதா? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஓடை வாய்க்குக் கீழே நிற்கும் கோயிலுக்கு நூறு பேரைக் கூட்டிப்போவதைவிட லயத்திலேயே இருந்திருக்கலாம்.

நிலம் தோட்டத்துடையது. மானி நட, கம்பம் நிறுத்த, துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு அனுமதி துரை மாறும்போது போய்விடும்.

வாசல் அளவுகள், அதாவது எவ்வளவு மழை தாண்டினால் என்ன செய்வது என்ற எல்லைகள், பொதுவாக இப்படி இருக்கும்: 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டி மழை தொடர்ந்தால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. பெய்தாலும் வெளியேற்றம். உங்கள் சரிவுக்கு இதைவிடக் குறைவான அளவை அலுவலகம் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதலான அளவை நீங்களாக வைக்க வேண்டாம்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது எளிய விஷயம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி மண்துகள்களுக்கு இடையில் நிறையும்போது, துகள்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கும் விசை குறைகிறது. சரிவு தாங்கிக்கொண்டிருந்தது அந்தப் பிடியால்தான். அதனால்தான் பல நாள் நனைந்த மலை, காய்ந்த மலையைவிடக் குறைந்த மழைக்கே சரிகிறது. கான்கள் (நீர் வடியும் வாய்க்கால்கள்) தூர்ந்துபோன மலையிலும் அதே கதைதான். கான் வெட்டித் துப்புரவாக வைத்திருப்பது எந்தக் கருவியையும்விட முன்னால் வர வேண்டிய வேலை.

கையால் அளக்கும் குழாய்

தானியங்கி மானி வாங்கும் திட்டம் இருந்தாலும் இதை முதலில் செய்யுங்கள். பற்றரி இறந்த இரவில் மிச்சமிருப்பது இதுதான்.

110 மி.மீ. எஸ்லோன் குழாயில் 45 சென்ரிமீற்றர் நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை மூடி போட்டுப் பசையால் ஒட்டுங்கள். மூடியின் உட்பக்கம் குழிந்திருக்கும். அங்கே நிற்கும் தண்ணீர் கணக்கைக் கெடுக்கும். கொஞ்சம் சீமெந்துக் கலவை ஊற்றி, குழாயை நிமிர்த்தி வைத்துத் தரையை மட்டமாக்கிக் காயவிடுங்கள். மேல் விளிம்பை அரத்தால் தேய்த்து, உட்புறம் நேராகவும் வெளிப்புறம் சாய்வாகவும் கூராக்குங்கள். விளிம்பு தட்டையாக இருந்தால் அதில் விழும் துளி உள்ளேயும் தெறிக்கும், வெளியேயும் தெறிக்கும்.

நேரான குழாயில் பெருக்கல் கணக்கு இல்லை. உள்ளே நிற்கும் தண்ணீர் 75 மி.மீ. உயரம் என்றால் மழையும் 75 மி.மீ. மெல்லிய கம்பியிலோ பிளாஸ்ரிக் அடிமட்டத்திலோ 75, 100, 150 ஆகிய இடங்களில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நாடா சுற்றிவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சியும் வாசிப்பார். கம்பு தடிமனாக இருந்தால் தண்ணீரை மேலே தள்ளிக் கூடுதலாகக் காட்டும்.

புனலும் போத்தலும் வைத்துச் செய்வோர் ஒரு கணக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 16 சென்ரிமீற்றர் விட்டமுள்ள புனலின் வாய்ப்பரப்பு 201 சதுர சென்ரிமீற்றர். அதில் 1 மி.மீ. மழை என்பது 20.1 மில்லிலீற்றர். 2 லீற்றர் போத்தல் 100 மி.மீ. ஆகும் முன்பே நிரம்பிவிடும். சரியாக ஆபத்து தொடங்கும் இடத்தில் மானி குருடாகிவிடுகிறது. புனலுக்கு ஏற்ற போத்தலைத் தேடாமல், 300 மி.மீ. மழை பிடிக்கும் போத்தலுக்கு ஏற்ற புனலைத் தேடுங்கள்.

நடும் இடம்: பக்கத்தில் நிற்கும் சவுக்கு மரமோ கூரையோ மானியின் வாயைவிட எவ்வளவு உயரமோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி. வாய், தரையிலிருந்து ஒரு மீற்றர் அளவில், நீர்மட்டம் வைத்துப் பார்த்து மட்டமாக. லயத்து வாசலில் வைத்தால் பார்க்க வசதி, ஆனால் தகரக் கூரையிலிருந்து தெறிக்கும் நீரும் சேரும்.

வாசிப்பு சாதாரண நாளில் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும். 40 மி.மீ. தாண்டினால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம். குழாயைக் காலை 6 மணிக்கு மட்டும், எழுதிய பிறகு காலி செய்யுங்கள். நடு மழையில் யாரோ நல்ல மனத்தோடு தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காலி மானியை வைத்துவிட்டுப் போவது அடிக்கடி நடப்பது. இதற்காகவே காலி செய்தவர் பெயரும் நேரமும் கொப்பியில் இருக்க வேண்டும்.

தானாக எண்ணும் மானி

தட்டல் வாளி மழைமானிக்குள் சீசோபோல் இரண்டு சிறு கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நிரம்பியதும் சாயும். சாயும்போது காந்தம் ஒரு ரீட் சுவிட்சைத் தொடாமலே மூடித் திறக்கும். அந்தத் தட்டலை எண்ணுவதுதான் வேலை. ஒரு டிவிசனுக்கு இரண்டு வையுங்கள்: ஒன்று லயத்துப் பக்கம், மற்றது லயத்துக்கு மேலே, தண்ணீர் சேர்ந்து இறங்கும் மலைப்பகுதியில். மலையில் ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே மழை வெகுவாக மாறும்.

பெட்டியில் 0.2 மி.மீ. என்று எழுதியிருப்பதை நம்பி நட்டுவிடாதீர்கள். 200 மி.மீ. விட்டமுள்ள மானியின் வாய் 314 சதுர சென்ரிமீற்றர். ஒரு தட்டலுக்கு 6.28 மில்லிலீற்றர் வர வேண்டும். போத்தல் மூடியில் ஊசித் துளை போட்டு 628 மில்லிலீற்றர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணித்தியாலம் விடுங்கள்: 100 தட்டல் வந்தால் சரி. பிறகு அதே அளவை 16 நிமிடத்தில் விடுங்கள். இது மணிக்கு 75 மி.மீ. மழைக்குச் சமம். இப்போது பெரும்பாலும் 100க்குக் குறைவாகவே வரும், ஏனென்றால் வாளி சாயும் கணத்தில் விழும் நீர் எண்ணப்படாமல் போகிறது. கடும் மழையில்தான் மானி குறைத்துக் காட்டும் என்பது இந்த வேலைக்கு மிக மோசமான குணம். இரண்டு வேகத்திலும் கிடைத்த எண்ணை எழுதிவைத்து, நிரலில் வேகத்துக்கு ஏற்பத் திருத்தம் போடுங்கள். சின்ன வாய் உள்ள மலிவான பிளாஸ்ரிக் மானிகளுக்கும் இதே முறைதான், வாயை அளந்து பரப்பைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

தட்டலை எண்ணும் பலகைக்கு இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை போதும். ரீட் சுவிட்சின் ஒரு கால் தரைக்கு, மற்றது உறக்கத்திலும் விழித்தெழ வைக்கக்கூடிய ஒரு முனைக்கு. அந்த முனையை 100 கிலோ ஓம் தடையால் 3.3 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டி, 100 நானோ பரட் கொள்ளளவி ஒன்றைக் குறுக்கே போடுங்கள். நிரலிலும் ஒரு தட்டலுக்குப் பின் 150 மில்லிசெக்கன் வருவதைப் புறக்கணியுங்கள். சுவிட்ச் துள்ளுவதால் ஒன்று மூன்றாகிவிடும். மணிக்கு 200 மி.மீ. கொட்டினாலும் தட்டல்களுக்கு இடையே 3.6 செக்கன் இருக்கும், அதனால் உண்மையான தட்டல் எதையும் இழக்கமாட்டீர்கள். வாளி நடுவில் நின்று சுவிட்ச் மூடியபடியே இருந்தால் பலகை உறங்கவே உறங்காது, இரண்டு நாளில் பற்றரி காலி. விழித்தவுடன் முனையின் நிலையைப் பார்த்து, அடுத்த முறை அதற்கு எதிர்நிலையில் விழிக்கும்படி எழுதினால் தீரும்.

செய்தி அனுப்ப ஏ7670 போன்ற 4ஜி மோடம் எடுங்கள். 2ஜி மட்டும் தெரிந்த மோடத்தை நம்பிப் புதிதாக எதையும் கட்ட வேண்டாம். அனுப்பும் கணத்தில் மோடம் 2 அம்பியர் வரை இழுக்கும். மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் விழுந்து பலகை மறுபடி தொடங்கிவிடும். "காரணமில்லாமல் ரீசெட் ஆகிறது" என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மோடத்தின் காலடியிலேயே 1000 மைக்ரோ பரட் கொள்ளளவி வையுங்கள். நடும் முன் மோடத்திடம் சிக்னல் தரத்தைக் கேட்டுப் பாருங்கள்: 0 முதல் 31 வரை எண் வரும், 99 என்றால் தெரியவில்லை என்று பொருள். 10க்குக் கீழே வரும் இடத்தில் வெயில் நாளில் ஓடும், மழை நாளில் கைவிடும். இணையத் தரவு தோற்றால் தானாக எஸ்.எம்.எஸ்.க்கு மாறும்படி எழுதுங்கள். தரவு போகாத சிக்னலிலும் எஸ்.எம்.எஸ். பல நேரம் போய்ச் சேரும்.

மின்சாரத்தை ஏழு நாள் வெயிலில்லை என்று வைத்துக் கணக்கிடுங்கள். மே, ஜூனில் ஹற்றன், வட்டவளைப் பக்கம் இது கற்பனையல்ல. பலகைக்கு நாளுக்கு 120 மில்லி அம்பியர் மணி, மழை நாளில் 15 நிமிடத்துக்கு ஒரு செய்தி என்றால் மோடத்துக்கு இன்னொரு 80. ஏழு நாளுக்கு 1400. நல்ல 18650 லித்தியம் பற்றரிக் கலம் ஒன்றே கணக்கில் போதும், ஆனால் கலம் பழசாகும், அதனால் இரண்டைச் சமாந்தரமாக இணையுங்கள். 6 வோல்ட், 5 வாட் சொலார் தகடு. பெட்டிக்குள் போகும் கம்பிகள் எல்லாம் அடிப்பக்கத்தால் மட்டுமே நுழைய வேண்டும். மேல் துளை எவ்வளவு பூசினாலும் ஒழுகும்.

ஒக்டோபர், நவம்பர் இடிமழைக் காலம். மேட்டின் உச்சியில் தனியாக நிற்கும் இரும்புக் கம்பத்தில் மானியைக் கட்டி மின்னலுக்கு முகவரி கொடுக்க வேண்டாம்.

நிரல்: நான்கு இடத்தில் தவறு நடக்கும்

நிரலே சிறியது. செய்தியை வாங்கி, தரவுத்தளத்தில் எழுதி, கூட்டி, வாசல் அளவோடு ஒப்பிடும் வேலைதான். ஆனால் எளிதாகத் தோன்றும் இடங்களிலேயே சறுக்கல்.

மானி அனுப்ப வேண்டியது கடந்த 15 நிமிடத் தட்டல் அல்ல, நட்ட நாளிலிருந்து மொத்தத் தட்டல். 10.15க்கு 4120 என்று வந்தது, 10.30 செய்தி வழியில் தொலைந்தது, 10.45க்கு 4195 வந்தது என்றால் அரை மணியில் 75 தட்டல், 15 மி.மீ. என்று தெரிந்துவிடும். பகுதியாக அனுப்பியிருந்தால் தொலைந்த செய்தியோடு மழையும் தொலைந்திருக்கும். பலகை மறுபடி தொடங்கினாலும் எண் அழியாதபடி நிலையான நினைவகத்தில் வையுங்கள். எண் திடீரென்று குறைந்து வந்தால் அதைக் கழித்தல் மழையாக எடுக்காமல், புதிய தொடக்கமாக எடுக்கும்படி எழுதுங்கள்.

24 மணித்தியாலம் என்பது நகரும் 24 மணித்தியாலம். வானிலை அவதானிப்பில் நாள் கணக்கு காலை 8.30க்கு 8.30. அதையே நிரலில் வைத்தால், காலை 6 முதல் 8.30 வரை 40 மி.மீ., 8.30 முதல் 11 வரை 45 மி.மீ. பெய்தபோது நாள் கணக்கில் எதுவும் 75 தாண்டாது. மலைக்கோ ஐந்து மணித்தியாலத்தில் 85 விழுந்துவிட்டது. ஒவ்வொரு செய்தி வந்ததும் அந்தக் கணத்திலிருந்து பின்னோக்கி 1, 24, 72 மணித்தியாலக் கூட்டுத்தொகையை எடுங்கள். 72 மணிக் கூட்டு மலை ஏற்கனவே எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதைக் காட்டும். அது பெரிதாக இருக்கும்போது 75க்குக் காத்திராமல் காவலுக்கு ஆள் வைக்கலாம்.

சுழியமும் வெறுமையும் ஒன்றல்ல. மழை இல்லை என்று மானி சொன்னால் 0. மானி ஒன்றுமே சொல்லவில்லை என்றால் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்க வேண்டும். சேதி வராத இடத்தில் 0 என்று நிரப்பும் ஒரு வரி பைதன், புயலில் தொலைபேசிக் கோபுரம் விழுந்த இரவில் திரையை முழுப் பச்சையாக்கிவிடும். வறண்ட நாளில் 6 மணித்தியாலத்துக்கு ஒரு முறை "உயிரோடு இருக்கிறேன்" என்ற செய்தி, மழை நாளில் 15 நிமிடத்துக்கு ஒன்று. ஒரு மானி மழை காட்ட, மற்றது 45 நிமிடம் பேசாமல் இருந்தால் ஆளுக்கு அழைப்பு போய், கைக்குழாயைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இரண்டு மானியும் வெவ்வேறாகச் சொன்னால் கூடிய எண்ணை எடுங்கள், சராசரி எடுக்காதீர்கள். அடைபட்ட மானி 10, நல்ல மானி 120 என்றால் சராசரி 65, மஞ்சள்கூட எரியாது.

முடிந்ததும் செயற்கையாக மழை ஊற்றிச் சோதியுங்கள்: மேலே சொன்ன 8.30 மழை, செய்தி தொலைந்த மழை, இரண்டாம் மானி இறந்த மழை, எண் சுழியத்துக்குப் போன மழை. நான்கிலும் சரியான நிறம் வந்தால்தான் லயத்துக்குக் கொண்டுபோகலாம்.

செயற்கை நுண்ணறிவுக்கு எங்கே இடம்

"மண்சரிவை முன்கூட்டியே சொல்லும் மாதிரி", அதாவது பழைய தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் நிரல், கட்டத்தான் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு ஆசை. ஒரு தனிச் சரிவுக்கு அது வேண்டாம். 30 வருடம் என்பது 10,957 நாள். அதில் ஒரு நாள் மட்டும் சரிந்த மலைக்கு, "சரியாது" என்று மட்டுமே சொல்லும் மாதிரியின் துல்லியம் 99.99 சதவீதம். அறிக்கையில் அழகாக இருக்கும் அந்த எண்ணுக்கு லயத்தில் ஒரு மதிப்பும் இல்லை. கற்றுக்கொள்ளப் போதிய சரிவுகள் உங்கள் தரவில் இல்லை என்பதே உண்மை. மாவட்டம் முழுவதற்குமான அபாய வரைபடம் வரைவதற்கு இயந்திரக் கற்றல் உதவும், அது வேறு வேலை. ராடார் செய்மதியால் நிலம் நகர்வதைப் பார்க்கும் முறையும் உண்டு, ஆனால் செங்குத்தான, செடி மூடிய, நனைந்த தேயிலை மலையில் அந்தச் சமிக்ஞை கலங்கிப்போகும், படமும் நாட்கணக்கில்தான் வரும்.

முதல் வேலை மானியின் நோயைக் கண்டுபிடிப்பது. இலை அடைத்த மானிக்கு ஒரு கையெழுத்து உண்டு: மழை விட்ட பிறகும் ஒரே சீரான இடைவெளியில் மணிக்கணக்காகத் தட்டும், ஏனென்றால் புனலில் தேங்கிய நீர் சிறுகச் சிறுக இறங்குகிறது. சிலந்தி வலை வாளியைப் பிடித்தால் எண்ணிக்கை பாதியாகும். ஒரு வருடத் தரவு சேர்ந்ததும், இரண்டு மானியின் வித்தியாசம், தட்டல் இடைவெளியின் சீர்மை, நாசாவின் செய்மதி மழைத் தரவு ஆகியவற்றை வைத்து ஒரு சிறிய மரக்காட்டு மாதிரியை (பல முடிவு மரங்களின் வாக்கைக் கூட்டி முடிவெடுக்கும் மாதிரி) பழக்கலாம். அந்தச் செய்மதித் தரவு அரை மணிக்கு ஒரு முறை, ஏறக்குறைய 11 கிலோமீற்றர் கட்டமாக, முதல் பதிப்பு சுமார் 4 மணித்தியாலம் தாமதித்து வரும். மலை மழையைக் குறைத்துச் சொல்லும் பழக்கமும் அதற்கு உண்டு. எச்சரிக்கை விட அது உதவாது, நோய் பார்க்க உதவும். மாதிரி சந்தேகப்பட்டால் பராமரிப்பவருக்கு "மேல் மானியைப் போய்த் துடைங்க" என்று செய்தி போக வேண்டும். மழை எண்ணை அது மாற்றக் கூடாது.

இரண்டாவது வேலை குரல் செய்திகளை வரிசைப்படுத்துவது. மழை மானி சொல்லாததை ஆட்கள் பார்க்கிறார்கள்: தரையில் புது வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுவது, சாய்ந்த கம்பம், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த ஊற்று கலங்குவது, ஓடிய ஊற்று நிற்பது. இதை யாரும் படிவத்தில் நிரப்பமாட்டார்கள். வட்ஸ்அப்பில் குரலாக அனுப்புவார்கள்:

"அண்ணே, எங்க லயத்துக்குப் பின்னாடி, கான் ஓரமா தரை வெடிச்சிருக்கு. நேத்து இல்ல. ஊத்துத் தண்ணியும் கலங்கலா வருது."

ஓப்பன்ஏஐ 2022இல் திறந்து வெளியிட்ட விஸ்பர் என்ற மாதிரி தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும். சிறிய வகைகள் சாதாரண மடிக்கணினியிலும் ஓடும், பெரிய வகைக்கு 10 கிகாபைற் அளவில் வரைகலை நினைவகம் வேண்டும். மலையகப் பேச்சில் அப்படியே விட்டால் 'கான்' என்பதைக் 'கண்' என்றும், 'இஸ்தோப்பு' (வீட்டு முன் திண்ணை) என்பதை 'ஸ்டாப்' என்றும் எழுதிவிடக்கூடும். செய்ய வேண்டியவை இவை:

மொழியைத் தமிழ் என்று நீங்களே குறித்துக் கொடுங்கள். தானாகக் கண்டுபிடிக்க விட்டால் நடுவில் வரும் சிங்களச் சொல்லில் தடம் மாறும். தொடக்கக் குறிப்பாக லயம், கான், காம்பரா, இஸ்தோப்பு, பணிய மலை, டிவிசன் போன்ற சொற்களையும் உங்கள் மலைகளின் பெயர்களையும் ஒரு வாக்கியமாகக் கொடுங்கள். பேச்சில்லாத இடங்களை முதலில் வெட்டி எறிய ஒரு குரல் கண்டறியும் கருவியைப் போடுங்கள். தகரக் கூரை மழை இரைச்சலை இந்த மாதிரி சில நேரம் பேச்சாக நினைத்து, சொல்லாத வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதும். முந்தைய உரையைத் தொடர்ச்சியாக எடுக்கும் தெரிவை அணைத்துவிட்டால் அந்தத் தொல்லை குறையும்.

பிறகு சோதனை. 20 பேருக்குக் குறையாமல் 200 குரல் துண்டுகள், பாதி மழை இரைச்சலில், ஆச்சிமார் குரலும் சிறுவர் குரலும் கட்டாயம் இருக்க வேண்டும். மாதிரியை மேலும் பழக்குவதானால், பழக்கத்துக்கு எடுத்த ஆளின் குரல் சோதனையில் வரக் கூடாது. துண்டுகளைக் கலந்து பிரித்தால் பெறுபேறு பொய்யாக உயரும். தமிழில் ஒரு விகுதி பிசகினாலே முழுச் சொல்லும் பிழையாகிவிடுவதால் சொற்பிழை வீதத்தை மட்டும் பார்க்காமல் எழுத்துப்பிழை வீதத்தையும் பாருங்கள். இரண்டையும்விட முக்கியமான எண், ஆபத்தைச் சொன்ன 100 செய்தியில் எத்தனையை வரிசையின் அடியில் போட்டது என்பது.

மாதிரிக்கு இருக்கும் உரிமை ஒரு செய்தியை மேலே தூக்குவது மட்டும். ஒன்றையும் மறைக்கவோ அழிக்கவோ கூடாது. மழை நாளில் எல்லாச் செய்தியையும் ஒரு மனிதர் கேட்டே ஆக வேண்டும். குரலும் தொலைபேசி எண்ணும் தனிப்பட்ட தரவு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எதற்கு, எவ்வளவு காலம் வைப்பீர்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். சம்மதிக்காதவரின் முறைப்பாட்டையும் கேளுங்கள், பழக்கத் தரவில் மட்டும் சேர்க்காதீர்கள்.

வெடிப்பு எவ்வளவு அகல்கிறது என்பதைப் படம் பார்த்துச் சொல்லும் நரம்பியல் வலை வேண்டாம். வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்து, காலையும் மாலையும் இடைத்தூரத்தை மில்லிமீற்றர் வரை அளந்து எழுதுங்கள். கூடிக்கொண்டே போனால் கிராம உத்தியோகத்தருக்கும் கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் உடனே சொல்லுங்கள். மழையும் பெய்துகொண்டிருந்தால் அளக்க நிற்காமல் கிளம்புங்கள்.

செய்தி லயத்துக்குள் போவது

எச்சரிக்கை வாசகத்தை அந்த நேரத்தில் மொழி மாதிரியை வைத்து எழுத வைக்காதீர்கள். வெயில் நாளிலேயே எழுதி, லயத்தில் எல்லாருக்கும் பழகிய ஒருவரின் குரலில் பதிந்து வையுங்கள். எந்திரக் குரலைக் கேட்டு இரவு 2 மணிக்கு எவரும் எழும்பமாட்டார். மில்லிமீற்றர் சொல்ல வேண்டாம், செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: "மேல் லயம், நடு லயம், எல்லாரும் எழும்புங்க. பிள்ளைகளையும் பெரியவங்களையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க. ஓடைப் பக்கம் போகாதீங்க, மேட்டுப் பாதையால போங்க." தமிழில் வர வேண்டிய எச்சரிக்கை தாமதமாகவோ சிங்களத்தில் மட்டுமோ வருவது பழைய முறைப்பாடு. அதனால் அரச அறிவித்தலைத் தமிழில் படித்துச் சொல்லும் பொறுப்பையும் ஒருவருக்குக் கொடுங்கள்.

போன் அணைந்திருக்கும், கோபுரம் விழுந்திருக்கும் என்று வைத்தே திட்டமிடுங்கள். கையால் சுற்றும் சைரன், கோயில் மணி, பற்றரி ஒலிபெருக்கி, இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒவ்வொரு லயத்துக்கும் கதவு தட்டும் ஒருவரும், அவர் இல்லாத நாளுக்கு இன்னொருவரும். தனியாக நடக்க முடியாதவர்களின் பெயரும், அவர்களைத் தூக்கப்போகும் இருவரின் பெயரும் சுவரில் எழுதியிருக்கட்டும். உதவிக்கும் அறிவிக்கவும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்சுக்கு 1990.

நேரத்துக்கும் ஒரு விதி வையுங்கள்: மாலை 4 மணிக்கு 75 தாண்டி, மழை விடும் அறிகுறி இல்லையென்றால், 100க்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளும் வயதானவர்களும் கர்ப்பிணிகளும் வெளிச்சத்திலேயே இடம் மாறட்டும். வழியில் ஓடை குறுக்கிட்டால் அந்த வழி வழியல்ல. சரிவு பெரும்பாலும் நீரோடும் பள்ளத்தைப் பிடித்தே இறங்கும், ஆகவே பள்ளத்தோடு கீழே ஓடாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறும் பாதையைத் தெரிந்து, வருடத்துக்கு இரண்டு தரம் நடந்து பாருங்கள். ஒன்றை இருட்டிய பிறகு நடக்க வேண்டும்.

மலை சரியாமல் போகும் வெறும் எச்சரிக்கைகளும் வரத்தான் செய்யும். இரண்டு தரம் போய்த் திரும்பியவர்கள் மூன்றாம் தரம் முணுமுணுப்பார்கள். அடுத்த நாளே கொப்பியைக் காட்டி, எத்தனை மி.மீ. பெய்தது, எந்த வாசலைத் தாண்டியது என்று லயத்து முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முணுமுணுப்பைக் குறைக்க வாசலை உயர்த்தினால் மேலே சொன்ன விதியை மீறுகிறீர்கள். திரும்பி வரும் முடிவும் நிறுவனமோ கிராம உத்தியோகத்தரோ சொன்ன பிறகுதான். மழை விட்டுப் பல மணித்தியாலம் கழித்தும் மலை சரிவதுண்டு.

பராமரிப்பு

மாதம் ஒரு தரம் புனலைக் கழற்றி இலை, எறும்பு, சிலந்தி பாருங்கள். வாளியை விரலால் தொடாமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், விரல் எண்ணெய் பட்டால் துளி ஒட்டி எடை மாறும். ஏப்ரல் கடைசியில் தென்மேற்கு மழைக்கு முன்னும், செப்ரெம்பர் கடைசியில் இடைப்பருவ மழைக்கு முன்னும் 628 மில்லிலீற்றர் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஊவாப் பக்கத்தில் இரண்டாவது சோதனையே முக்கியம். மீரியபெத்தை சரிந்ததும் ஒக்டோபரில்தான். சிம்மில் காசு முடிந்து மானி ஊமையாவது எல்லாப் பழுதுகளிலும் மலிவானது, அடிக்கடி நடப்பது. நிரல் வாரம் ஒரு முறை மீதியைக் கேட்டு எழுதட்டும். தரவின் பிரதியை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குக் கொடுங்கள், மானி நின்ற இடமும் திருத்த எண்ணும் சேர்த்து. அந்த இரண்டும் இல்லாத மழைத் தரவை அவர்களால் பயன்படுத்த முடியாது.